கண்டெடுத்த பொருளும் கண்காணிக்கும் இறைவனும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் ஆரம்பிக்கின்றேன்.

புகழனைத்தும் அகிலத்தாரின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகட்டும். அவனது இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள், அன்னாரின் வழிநடந்த நல்லோர் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

   

தெமட்டகொடையில் வாழும் நமக்கு நெரிசல் புதிதன்று. காலையிலும் மாலையிலும் பேஸ்லைன் வீதி வாகனங்களால் நிரம்பி விடுகின்றது. புகையிரத நிலையத்தில் இறங்கி விரைவோர், மருதானைப் பக்கம் பாடசாலை செல்லும் பிள்ளைகள், பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்க வருவோர், கொலன்னாவைக்கும் வெல்லம்பிட்டிக்கும் பஸ் ஏறுவோர் என்று ஆயிரமாயிரம் பேர் நம் தெருக்களைக் கடந்து செல்கின்றனர். அந்த நெரிசலில் ஒருவரின் பணப்பை விழுகின்றது. ஒருவர் முச்சக்கர வண்டியின் ஆசனத்திலே கைத்தொலைபேசியை மறந்து இறங்கி விடுகின்றார். ஒரு மாணவியின் அடையாள அட்டையும் பரீட்சை அனுமதி அட்டையும் பையிலிருந்து நழுவி விடுகின்றன.

தொலைத்தவர் ஒருவர் இருக்க, கண்டெடுத்தவர் இன்னொருவர் இருக்கின்றார். இன்றைய நமது உரை அந்த இரண்டாமவரைப் பற்றியது. அவர் நீங்களாக இருக்கலாம்; நானாக இருக்கலாம்; நாளை பின்னேரம் பாடசாலை விட்டு வரும் உங்கள் மகனாகவும் இருக்கலாம்.

நம்மில் சிலரிடம் ஒரு பேச்சு உண்டு. தெருவில் கிடந்ததை எடுத்துக் கொண்டு, "அல்லாஹ் தந்த ரிஸ்க்" என்று சொல்லி விடுவார்கள். களவெடுக்கவில்லை, எவரையும் ஏமாற்றவில்லை, வழியிலே கிடந்தது, ஆகவே ஹலால் என்பது அவர்களின் நினைப்பு. சகோதரர்களே! மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. உரிமையாளன் உள்ள பொருள் கீழே விழுந்தவுடன் உரிமையாளனற்ற பொருளாகி விடுவதில்லை. அது உங்கள் கைக்கு வந்த அந்தக் கணமே உங்கள் மீது ஓர் அமானிதம் சுமத்தப்பட்டு விடுகின்றது. இதுவே இன்று நாம் மனதிற் பதிக்க வேண்டிய செய்தியாகும்.

யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றில் ஒரு பாடம்

கண்டெடுத்த பொருளுக்கு நமது மார்க்கச் சட்டத்தில் 'லுகதா' என்று பெயர். இச்சொல்லின் வேர், அல்குர்ஆனில் யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றில் வருகின்றது. அவரைக் கிணற்றிலே போட்டு விடுங்கள், வழிப்போக்கர் எவரேனும் எடுத்துக் கொள்வர் என்று சகோதரர்களில் ஒருவர் சொன்னதை அல்லாஹ் எடுத்துக் கூறும்போது (12:10) இதே வேரிலிருந்து பிறந்த வினைச்சொல்லையே பயன்படுத்துகின்றான்.

பின்னர் நடந்ததைச் சிந்தித்துப் பாருங்கள். வணிகக் கூட்டம் ஒன்று வந்தது. தண்ணீர் அள்ளச் சென்றவர் வாளியை இறக்கினார். அழகிய சிறுவரைக் கண்டதும் நற்செய்தி என்று மகிழ்ந்து கூவினார். பின்பு அவரை வியாபாரச் சரக்காக மறைத்து வைத்தார்கள். அதன் பின் எண்ணிவிடக்கூடிய சில வெள்ளிக் காசுகளுக்கு அவர் விற்கப்பட்டார் (12:19, 20). மறைத்தவர் யார், விற்றவர் யார் என்பதில் தப்ஸீர் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் நிகழ்ச்சியின் வரிசை தெளிவானது: முதலில் மகிழ்ச்சி, அடுத்து மறைப்பு, கடைசியில் மலிவு விற்பனை.

இன்று தெருவில் ஒரு கைத்தொலைபேசி கிடைத்தால் நடப்பதும் இதுதானே! "மச்சான், போன் ஒன்று கிடைத்தது!" என்று முதலில் மகிழ்ச்சி. உடனே அதனை நிறுத்தி, சிம் அட்டையைக் கழற்றி வீசும் மறைப்பு. இரண்டு நாளில் எவரோ ஒருவருக்குப் பாதி விலைக்கும் குறைவாக விற்பனை.

ஆனால் அதே ஸூராவில் இன்னொரு காட்சியும் உள்ளது. வெகு தொலைவிலே, இழந்த மகனை எண்ணியெண்ணிக் கவலையால் கண்கள் வெளுத்துப்போன தந்தை யஃகூப் (அலை) அவர்கள் இருந்தார்கள் (12:84). வணிகக் கூட்டத்தாருக்கு அந்தத் தந்தை தெரியவில்லை. அவர்கள் தேடவும் இல்லை. யூஸுப் (அலை) அவர்கள் ஒரு நபி. அவர்களைப் பொருளோடு ஒப்பிடுவது நமது நோக்கமன்று. கண்டெடுத்தவனின் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இழந்தவனின் கண்ணீர் இருக்கின்றது என்பதையே இங்கு நாம் உணர வேண்டும். நீங்கள் கண்டெடுத்த கடித உறை ஓர் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணின் ஒரு மாதச் சம்பளமாக இருக்கலாம். அந்தக் கடவுச்சீட்டு, பிள்ளைகளை விட்டுவிட்டு நாளை மறுநாள் வளைகுடாவுக்குப் புறப்பட இருந்த ஒரு தாயினுடையதாக இருக்கலாம். அந்தத் தொலைபேசியில் மௌத்தாகிப் போன ஓர் உம்மாவின் குரல் பதிவாகி இருக்கலாம்.

நபிகளார் (ஸல்) அவர்கள் வகுத்த ஒழுங்கு

ஸைத் இப்னு காலித் அல்ஜுஹனீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. கண்டெடுத்த பொருளைப் பற்றி ஒருவர் வந்து கேட்டபோது, அது இருந்த பையையும் அதைக் கட்டியிருந்த கயிற்றையும் நன்கு அறிந்து வைத்துக் கொள்ளுமாறும், ஒரு வருட காலம் அதைப் பற்றி அறிவிக்குமாறும், உரியவர் வந்தால் கொடுத்து விடுமாறும், வராவிடில் அதைப் பயன்படுத்திக் கொள்ளலாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள்.

அம்மனிதர் வழிதவறிய ஆட்டைப் பற்றிக் கேட்டார். அது உமக்கு, அல்லது உம் சகோதரனுக்கு, அல்லது ஓநாய்க்கு என்ற கருத்தில் பதிலளித்தார்கள். அதாவது, விட்டுவிட்டால் அழிந்து விடும். ஆகவே எடுத்துப் பாதுகாக்கலாம். அடுத்து ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டார். அப்போது நபியவர்களின் முகம் சிவக்குமளவு கோபம் கொண்டார்கள். அதற்கும் உமக்கும் என்ன தொடர்பு? அது தானே நடக்கும், தானே நீரருந்தும், உரியவன் அதனைக் கண்டுகொள்வான் என்ற கருத்தில் மறுத்தார்கள்.

இந்த மூன்று பதில்களிலும் ஒரே அளவுகோல் இருப்பதைக் கவனியுங்கள். உரியவனிடம் அப்பொருள் திரும்பிச் சேர எது வழியோ அதையே நபியவர்கள் கற்பித்தார்கள். எடுத்தால்தான் அவனிடம் சேரும் என்றால் எடுக்க வேண்டும். விட்டால்தான் சேரும் என்றால் விட்டுவிட வேண்டும். கண்டெடுத்தவனின் இலாபம் எங்கும் முதலிடத்தில் இல்லை.

உபை இப்னு கஃப் (ரலி) அவர்கள் நூறு தீனார்கள் அடங்கிய பை ஒன்றைக் கண்டெடுத்தார்கள். ஒரு வருடம் அறிவித்து விட்டு வந்தபோது, இன்னும் ஒரு வருடம் அறிவிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்று புகாரியில் வருகின்றது. நூறு தங்க நாணயங்கள்! அல்குர்ஆனை ஓதுவதில் முதன்மை பெற்ற அந்த ஸஹாபி, அவற்றைத் தொடாமல் ஊரெல்லாம் கேட்டுக் கொண்டு திரிந்தார்கள்.

எடுக்கும்போது செய்ய வேண்டியவை

நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்டத்தை, ஹிஜ்ரி 676இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில் சுருக்கமாக வகுத்துள்ளார்கள். தன் நேர்மையில் நம்பிக்கை உள்ளவர், கிடக்கும் பொருளை எடுத்துப் பாதுகாப்பது ஸுன்னத்தாகும். பாவங்களில் துணிந்தவர் எடுப்பது மக்ரூஹ். இங்கு ஒரு நுட்பம் உண்டு. குனிவதற்கு முன்பே மனிதன் தன் உள்ளத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு எடுத்தால் அது அவர் கையில் அமானிதம். அவரது கவனயீனமின்றி அது அழிந்தால் அவர் மீது குற்றமில்லை. தனக்கே வைத்துக் கொள்ளும் எண்ணத்தோடு எடுத்தாலோ அவர் அபகரித்தவராவார். பொருள் அழிந்தாலும் ஈடு செய்தே ஆக வேண்டும். குனிந்த உடல் ஒன்றே. எண்ணம் அதனை அமானிதமாகவோ அபகரிப்பாகவோ ஆக்கி விடுகின்றது.

எடுத்தவுடன் நேர்மையான ஒருவரையோ இருவரையோ சாட்சியாக்கிக் கொள்ளட்டும், மறைக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக இயாழ் இப்னு ஹிமார் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. ஏன் சாட்சி? மனித மனம் மாறக்கூடியது. இன்று கொடுக்க நினைத்தவர் நாளை கஷ்டம் வரும்போது தடுமாறலாம். நாளையே அவர் மௌத்தானால், பிள்ளைகள் அதை வாப்பாவின் சொத்து என்று பங்கு வைத்து விடலாம். ஆகவே வீட்டாரிடம் சொல்லுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தினரில் ஒருவரிடம் சொல்லுங்கள். திகதி, இடம், தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

எதையெல்லாம் எடுத்தால் அறிவிக்க வேண்டும் என்ற கேள்வியும் எழும். பாதையில் கிடந்த ஒரு பேரீச்சம் பழத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அது ஸதகாப் பொருளாக இருக்குமோ என்ற அச்சம் இல்லாவிடில் உண்டிருப்பேன் என்று கூறியதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆகவே எவரும் திரும்பித் தேடாத அற்பப் பொருளுக்கு அறிவித்தல் தேவையில்லை. குடை, பேனை போன்ற சிறு பொருள்களை, உரியவர் தேடுவதைக் கைவிட்டிருப்பார் என்று கருதும் காலம் வரை அறிவித்தால் போதும். மதிப்புள்ள பொருளுக்கே ஒரு வருடம். பழுதாகிவிடும் உணவுப் பொருளாயின் அதனை விற்று, பணத்தைப் பாதுகாக்கலாம். அல்லது உண்டுவிட்டு அதன் பெறுமதியைப் பொறுப்பேற்கலாம்.

அறிவித்தல் எப்படி?

சந்தைகளிலும், பள்ளிவாசல் வாயில்களிலும், மக்கள் கூடுமிடங்களிலும், குறிப்பாகப் பொருள் கிடந்த இடத்திலும் அறிவிக்க வேண்டும். ஆரம்பத்தில் நாளுக்கு இரு தடவை, பின்னர் ஒரு தடவை, பின்னர் வாரம் ஒரு தடவை, பின்னர் மாதம் ஒரு தடவை என்று இமாம்கள் ஒழுங்கு சொன்னார்கள். பள்ளிவாசலின் உள்ளே தொலைந்த பொருளைப் பற்றிக் கூவுவதை நபியவர்கள் தடுத்தார்கள். பள்ளிவாசல்கள் அதற்காகக் கட்டப்படவில்லை. ஆகவே வெளிவாயிலில் உள்ள அறிவித்தல் பலகையே இதற்குப் பொருத்தமான இடம்.

இங்கு நம் பகுதிக்குரிய ஒரு முக்கிய விடயம் உண்டு. தெமட்டகொடையில் நாம் மட்டும் வாழவில்லை. சிங்களவரும் தமிழரும் நம் அயலவர். நம் தெருவைக் கடந்து செல்வோரில் பெரும்பகுதியினர் வேற்று மதத்தவர். அவர்களில் ஒருவர் தொலைத்த பணப்பையைப் பற்றி நமது பள்ளிவாசல் பலகையில் தமிழில் மாத்திரம் எழுதி வைத்தால், அது அவருக்கு அறிவித்ததாகுமா? அறிவித்தல் என்பது உரியவரின் காதுக்கு எட்டுவதற்கான முயற்சியாகும். ஆகவே சிங்களத்திலும் எழுதுங்கள். அருகிலுள்ள கடையில், பஸ் தரிப்பிடத்தில், முச்சக்கர வண்டிச் சாரதிகளிடத்தில் சொல்லி வையுங்கள்.

உரியவர் முஸ்லிமா, அல்லவா என்று பார்ப்பதற்கு இதில் இடமில்லை. ஹிஜ்ரத்துடைய இரவை நினைத்துப் பாருங்கள். நபியவர்களைக் கொலை செய்யத் திட்டமிட்ட அதே மக்கத்து மக்களின் பொருள்கள் அன்னாரிடம் அமானிதமாக இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைத்து விட்டு வருமாறு அலீ (ரலி) அவர்களைப் பின்னே நிறுத்திச் சென்றார்கள். விரோதியின் அமானிதத்துக்கே இந்தக் கண்ணியம் என்றால், நம் பக்கத்து வீட்டுக்காரரின் பணப்பைக்கு எவ்வளவு!

இன்னொரு விடயம். இக்காலத்து இளைஞர்கள் நல்லெண்ணத்தோடு, கண்டெடுத்த பணப்பையைத் திறந்து, உள்ளே இருக்கும் காசு, அடையாள அட்டை, வங்கி அட்டை யாவற்றையும் படம் பிடித்து முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் பரப்பி விடுகின்றனர். இது இரு வகையில் தவறு. அடையாள அட்டை இலக்கமும் முகவரியும் கெட்டவர் கையில் சிக்கலாம். அத்துடன், எல்லா அடையாளங்களையும் பார்த்த எவரும் வந்து "என்னுடையது" என்று சொல்லி விடலாம். பொருளின் சில அடையாளங்களை மட்டுமே சொல்லி அறிவிக்க வேண்டும், முழுவதையும் சொல்லக் கூடாது என்று நமது இமாம்கள் எழுநூறு வருடங்களுக்கு முன்பே சட்டம் வகுத்தார்கள். "இன்ன திகதியில் இன்ன இடத்தில் ஒரு பணப்பை கிடைத்தது, அடையாளம் கூறிப் பெற்றுக் கொள்ளலாம்" என்றால் போதும். நிறம், தொகை, உள்ளே இருப்பவை யாவும் உங்கள் மனதிலேயே இருக்கட்டும். பையையும் கயிற்றையும் அறிந்து வைக்கச் சொன்ன ஹதீஸின் தத்துவம் அதுவே.

கைத்தொலைபேசியாயின் அதிலுள்ள படங்களையும் செய்திகளையும் பார்ப்பது ஹராம். துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று அல்குர்ஆன் (49:12) தடுக்கின்றது. அதனை அணைக்காமல் வைத்திருங்கள், மின்னேற்றம் செய்யுங்கள். உரியவர் தன் இலக்கத்துக்கு அழைக்கும்போது பதில் சொல்லுங்கள். பெரும்பாலும் அன்றைக்கே காரியம் முடிந்து விடும்.

உரிமை கோருபவரைச் சோதித்தல்

நமது பிக்ஹு நூல்களில் 'லுகதா' பாடத்தை அடுத்து வருவது 'லகீத்' எனும், கண்டெடுக்கப்பட்ட குழந்தையைப் பற்றிய பாடம். அதற்கோர் உண்மை நிகழ்ச்சியை நம் நாடே கண்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கிழக்குக் கரையைத் தாக்கியபோது, கல்முனையில் ஒரு கைக்குழந்தை உயிருடன் மீட்கப்பட்டது. வைத்தியசாலையில் அதற்குக் கிடைத்த வரிசை இலக்கத்தால் '81ஆம் இலக்கக் குழந்தை' என்று உலகெங்கும் அறியப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த பலர் அதற்கு உரிமை கோருவதாகச் செய்திகள் பரவின. ஒரு தம்பதியர் நீதிமன்றம் சென்றனர். நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பெப்ரவரியில் அவர்களே பெற்றோர் என்பது நிரூபணமாகி, குழந்தை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

உண்மையான பெற்றோருக்கு அந்த வாரங்கள் எவ்வளவு கொடியனவாக இருந்திருக்கும்! ஆயினும் அழுது கேட்டவரிடமெல்லாம் அமானிதத்தைக் கொடுத்துவிட முடியாது. ஷாபிஈ மத்ஹபின்படி, சாட்சியத்தோடு நிரூபித்தவருக்குக் கொடுப்பது கட்டாயம். அடையாளங்களைச் சரியாகச் சொல்லி, அவர் உண்மையே சொல்கிறார் என்று உங்கள் மனம் கருதினால் கொடுக்கலாம். தவறானவரிடம் கொடுத்துவிட்டு, "அவர் கேட்டார், கொடுத்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

சன்மானம் பெறலாமா?

பலர் கேட்கும் கேள்வி இது. பொருளைத் தொலைத்தவர், கொண்டு வந்து தருவோருக்கு இவ்வளவு தருவேன் என்று அறிவித்திருந்து, அதைக் கேட்டறிந்து தேடிக் கொடுத்தால் அந்தக் கூலிக்கு உரிமை உண்டு. ஏற்கனவே கண்டெடுத்து விட்டவர், சன்மானம் தராவிடில் பொருளைத் தரமாட்டேன் என்று பேரம் பேச உரிமையில்லை. உரியவர் மனமுவந்து அன்பளிப்புச் செய்தால் பெறுவதில் குற்றமில்லை.

ஹிஜ்ரி 535இல் வபாத்தான பக்தாதின் அறிஞர் காழீ அபூபக்ர் முஹம்மத் இப்னு அப்துல் பாக்கீ (ரஹ்) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்களில் ஒரு சம்பவம் சொல்லப்படுகின்றது. மக்காவில் உண்ண வழியின்றிப் பசித்திருந்த ஒருநாள், பட்டுப் பையில் ஒரு முத்துமாலையைக் கண்டெடுத்தார். வெளியே வந்தபோது முதியவர் ஒருவர், அதைத் தருவோருக்கு ஐந்நூறு தீனார் தருவதாக அறிவித்துக் கொண்டிருந்தார். அவரை அழைத்துச் சென்று பை, கயிறு, முத்துக்களின் எண்ணிக்கை அனைத்தையும் கேட்டறிந்த பின் மாலையைக் கொடுத்தார். முதியவர் ஐந்நூறு தீனாரை நீட்டினார். திருப்பித் தருவது என் கடமை, கடமைக்குக் கூலி இல்லை என்று மறுத்து விட்டார். பின்னாளில் அல்லாஹ் அவருக்கு அளித்த கைம்மாறு பற்றி நம் ஆலிம்கள் விரிவாகச் சொல்வார்கள். நான் உங்கள் முன் வைப்பது அந்தப் பசித்த வயிற்றின் மறுப்பையே. முடிவு என்னவாகும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

வருடம் முடிந்த பின்

ஒரு வருடம் முறையாக அறிவித்தும் எவரும் வராவிடில், ஷாபிஈ மத்ஹபின்படி கண்டெடுத்தவர், தான் உரிமையாக்கிக் கொள்வதாகச் சொல்லி அதனைப் பயன்படுத்தலாம். ஹனபி மத்ஹபில், ஏழையாயின் பயன்படுத்தலாம்; வசதி படைத்தவராயின் உரியவரின் பெயரில் தர்மம் செய்துவிட வேண்டும். இரு மத்ஹபுகளுக்கும் பொதுவான ஒன்றுண்டு: எத்தனை வருடம் கழித்து உரியவர் வந்து கேட்டாலும் அவரது உரிமை அழிவதில்லை. ஷாபிஈ மத்ஹபில் பொருளையோ அதன் பெறுமதியையோ கொடுக்க வேண்டும். ஹனபி மத்ஹபில், செய்த தர்மத்தை அவர் ஏற்காவிடில் ஈடு செய்ய வேண்டும். எனவே ஒரு வருடம் என்பது உங்களுக்குத் தரப்பட்ட சலுகை. உரியவரின் கணக்கு மூடப்பட்ட நாளன்று.

நாட்டின் சட்டம் சொல்வது

நம் நாட்டில் திருமணம், விவாகரத்து, வாரிசுரிமை, வக்பு போன்ற விடயங்களிலேயே முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. நமது காழி நீதிமன்றங்கள் கண்டெடுத்த பொருளை விசாரிப்பதில்லை. அதில் நாட்டின் பொதுச் சட்டமே செல்லுபடியாகும். உரோம டச்சுச் சட்டத்தின் அடிப்படையில் அமைந்த நம் பொதுச் சட்டம், உரியவர் வேண்டாமென்று எறிந்த பொருளையும் தொலைத்த பொருளையும் வேறுபடுத்துகின்றது. எறிந்ததை எடுத்தவர் சொந்தக்காரராகலாம். தொலைந்தது தொலைத்தவருக்கே சொந்தம்.

1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையின் 386ஆம் பிரிவு, பிறர் பொருளை நேர்மையீனமாகத் தனதாக்கிக் கொள்வதைக் குற்றமாக்குகின்றது. அதற்கு இரண்டு வருடம் வரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். உரியவருக்காகப் பாதுகாக்கவோ அவரிடம் சேர்க்கவோ எடுத்தவர் குற்றவாளியல்லர். உரியவரை அறிந்திருந்தும், அல்லது அறியக்கூடிய வழியிருந்தும், அல்லது நியாயமான முயற்சி செய்து நியாயமான காலம் காத்திருக்காமலும் தன் பாவனைக்கு எடுத்தவரே குற்றவாளி. பார்த்தீர்களா, சட்டம் கேட்பதும் மூன்று விடயங்கள்: எண்ணம், அறிவித்தல், காத்திருத்தல். மேலும், இவ்வாறு தனதாக்கப்பட்ட பொருளும் சட்டத்தின் பார்வையில் களவுப் பொருளே. அதை அறிந்து கொண்டே மலிவாக வாங்கியவரும் சட்டத்தின் பிடிக்குள் வருவார்.

ஆகவே மதிப்புள்ள பொருளாயின் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைப்பதே பாதுகாப்பான வழி. ஒப்படைத்ததைப் பதிவு செய்வித்து, அந்தப் பதிவின் விபரத்தைக் குறித்து வையுங்கள். கண்டெடுத்த பொருளை நீதிபதியிடம் கொண்டு வந்து கொடுத்தால் அவர் ஏற்றுக் கொள்வது கடமை என்று நமது இமாம்களும் சொல்லியிருக்கின்றார்கள். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் போன்றவை எவருக்கும் ஒரு வருடத்தின் பின்னும் சொந்தமாக மாட்டா. அவற்றில் பெயரும் முகவரியும் இருக்கும்போது தாமதிக்க என்ன நியாயம்?

வெள்ளம் கொண்டு வந்தவை

களனி கங்கை பெருக்கெடுக்கும்போது நம் அயலிலுள்ள கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் படும் துன்பத்தை நாம் அறிவோம். 2016 மே மாதத்திலும் 2025 நவம்பர் இறுதியில் 'தித்வா' சூறாவளியின்போதும் வீடுகள் மூழ்கின. தண்ணீர் வடியும் நேரத்தில் ஒருவர் வாசலில் இன்னொருவரின் எரிவாயு சிலிண்டரோ மரத்தளபாடமோ பெட்டியோ ஒதுங்கிக் கிடப்பது இயல்பு. காற்றோ வெள்ளமோ நம் இடத்துக்குக் கொண்டு வந்து சேர்த்த பொருளை இமாம்கள் லுகதாவிலிருந்தும் வேறாக, உரியவர் தெரியாத சொத்தாகக் கணித்தார்கள். வருடம் அறிவித்து உரிமையாக்கிக் கொள்ளும் சலுகை கூட அதற்கில்லை. பாதுகாத்து உரியவரைத் தேட வேண்டும். நம்பிக்கை அற்றுப் போனால் பொது நன்மைக்குச் சேர வேண்டும். வெள்ளம் வடிந்த மறுநாளே பள்ளிவாசலும் பன்சலையும் கிராம உத்தியோகத்தரும் சேர்ந்து ஓரிடத்தில் இவற்றைச் சேகரித்து வைத்தால், ஏற்கனவே எல்லாவற்றையும் இழந்தவருக்கு ஒரு பாத்திரமாவது திரும்பக் கிடைக்கும்.

பெற்றோரே! இளைஞர்களே!

பெற்றோரே! மகன் கையில் புதிய தொலைபேசியோ பழக்கமில்லாத மணிக்கூடோ இருந்தால், "மகன், இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்பது உங்கள் கடமை. "தெருவில் கிடந்தது, உம்மா" என்று அவன் சொல்லும் அந்த இடத்தில் நீங்கள் மௌனமானால், அவன் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக் கொள்வான். மாறாக, அவனை ஏசாமல், கைபிடித்து அழைத்துச் சென்று, கிடந்த இடத்தில் விசாரித்து, உரியவரிடம் அவன் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். உரியவரின் முகத்தில் தோன்றும் அந்த நிம்மதியை அவன் ஒருமுறை பார்த்து விட்டால் போதும். நம் உபதேசம் நூறு செய்யாததை அது செய்யும்.

இளைஞர்களே! உங்களுக்குத் தொழில் இல்லாமல் இருக்கலாம். வீட்டில் கஷ்டம் இருக்கலாம். அல்லாஹ் அதை அறிவான். தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு மறுமைக்கு வந்தும், பிறர் பொருளைத் தின்றதாலும் பிறருக்கு அநீதி இழைத்ததாலும் நன்மைகளையெல்லாம் இழந்து, பிறர் பாவங்களைச் சுமந்து நரகம் புகுபவனே என் உம்மத்தில் வங்குரோத்தானவன் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். பெயர் தெரியாத ஒருவரின் கடனோடு மஃஷரில் நிற்பது எவ்வளவு பயங்கரம்! இங்கு அவரைத் தேடினால் ஒருவேளை கிடைப்பார். அங்கு அவர் உங்களைத் தேடி வருவார்.

எவரிடமேனும் பழைய பொருள் ஒன்று இன்னும் வீட்டில் இருந்தால், காலம் பிந்தி விட்டது என்று நினைத்து விடாதீர்கள். இன்றே எடுத்து வையுங்கள், விசாரியுங்கள், ஓர் ஆலிமிடம் கேட்டு வழி தேடுங்கள். அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் ஒப்படைத்து விடுமாறு அல்லாஹ் கட்டளையிடுகின்றான் (4:58). அந்தக் கட்டளைக்குக் காலாவதி இல்லை.

யா அல்லாஹ்! ஹலாலைக் கொண்டு ஹராமை விட்டும் எங்களைத் தேவையற்றவர்களாக ஆக்குவாயாக! எங்கள் கைக்கு வரும் பிறர் பொருளில் எங்கள் உள்ளங்களைத் தூய்மையாக்குவாயாக! பொருளை இழந்து தவிப்போருக்கு அதனைத் திருப்பிக் கொடுப்பாயாக! எங்கள் பிள்ளைகளை அமானிதம் காப்போராக ஆக்கியருள்வாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.